மூலிகைதானே, என்ன ஆயிடப் போகுது?

போன மாதம் அக்கா ஒரு பாக்கெட்டை நீட்டினாள். "கொரியா மூலிகைப் பொடிடா. பசியே எடுக்காதாம்." குன்றத்தூரில் இது அதிசயமில்லை. ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை கொரியக் கம்பெனிகளில் வேலை பார்ப்பவர்கள் தெருவுக்கு நாலு பேர். யாராவது வாங்கி வந்துவிடுகிறார்கள். மேலே இருந்த கொரிய எழுத்தை போன் கேமராவில் மொழிபெயர்த்துப் பார்த்தேன். எத்தனை வேளை என்று இருந்தது. உள்ளே என்ன என்று இல்லை. அக்காவோ ஆறு வருஷமாக பிரஷர் மாத்திரை போடுகிறவள்.

கொரிய மூலிகை மருத்துவர்கள் எடை குறைய எழுதித் தருவதில் பேர்போனது தேயும்ஜோவிதாங் கஷாயம். லீ ஜே-மா 1894-ல் எழுதி முடித்த நூலில் வருவது. நம்ம வாத, பித்த, கபம் மாதிரி அவர் மனிதர்களை நாலு உடல்வாகாகப் பிரித்தார். அதில் தேயும் வகையினரின் வயிற்றைச் சீராக்குவது என்றுதான் இந்தப் பெயருக்கே பொருள். முள்ளங்கி விதையெல்லாம் சேரும். கூடவே மஹ்வாங், அதாவது எபெட்ரா செடியின் தண்டு. விஷயம் அங்கேதான். 1885-ல் ஜப்பானின் நாகாய் நாகயோஷி அதிலிருந்து எபெட்ரினைப் பிரித்தெடுத்தார். அது உடம்பில் நார்அட்ரினலினை அவிழ்த்துவிடும்: பசி மந்தமாகும், இதயம் படபடக்கும், ரத்த அழுத்தம் ஏறும். பசியை அடக்க ஒரு சரக்கு, படபடப்புக்கு வேறு சரக்கு என்றில்லை. இரண்டும் ஒன்றுதான். "பக்க விளைவு இல்லாமல் பசியை அடக்கும்" என்கிற விளம்பரத்தில் எனக்குள்ள சண்டையே இதுதான்.

2003-ல் அமெரிக்க பேஸ்பால் வீரர் ஸ்டீவ் பெக்லர் பயிற்சியின்போது வெப்பத்தாக்கில் இறந்தார், வயது 23. அவர் சாப்பிட்டுவந்த எபெட்ரா மாத்திரைக்கும் அதில் பங்குண்டு என்றார் பிரேதப் பரிசோதனை செய்தவர். அடுத்த வருஷமே எபெட்ரா கலந்த சத்து மாத்திரைகளை அங்கே தடை செய்தார்கள்.

"அப்ப நம்ம குடம்புளி மாத்திரை?" என்றாள். 1998-ல் 135 பேரிடம் 12 வாரம் சோதித்தார்கள். குடம்புளிச் சாறு சாப்பிட்டவர்கள் சராசரியாக 3.2 கிலோ குறைந்தார்கள். வெறும் டம்மி மாத்திரைக்காரர்கள் 4.1 கிலோ! இரண்டு கோஷ்டிக்கும் ஒரே டயட். மீன்குழம்புக்கு நல்ல புளி, அவ்வளவுதான்.

கொரிய வைத்தியத்தை மோசடி என்று நான் சொல்லவில்லை. அங்கே உரிமம் பெற்ற மருத்துவர் ஆளைப் பார்த்து அளவு தீர்மானிக்கிறார். இங்கே வந்து சேர்வது மருத்துவரைக் கழித்துவிட்ட பாக்கெட். பக்கத்திலேயே தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் 2005-லிருந்து இருக்கிறது. மூலிகைதான் வேண்டும் என்றால் அங்கே போய் பிரஷரையும் சொல்லிக் கேட்கலாமே. எங்க தொழிலில், உள்ளே என்ன இருக்குன்னு தெரியாத கோடை யாரும் சர்வரில் ஏத்த மாட்டோம்.

பாக்கெட் இப்போது எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜ் மேல் இருக்கிறது. அக்கா ரெண்டு தடவை திருப்பிக் கேட்டுவிட்டாள்.