கொல்லை வேலியின் பச்சை

தஞ்சைப் பக்கத்துப் பச்சை என்றால் நெற்பயிர்தான் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். அது தண்ணீர் இருக்கும்வரை இருக்கிற பச்சை. மேட்டூர் அணையை ஜூன் 12-ல் திறந்து ஜனவரி 28-ல் மூடுவது வழக்கம். தாளடி அறுத்து, உளுந்தும் எடுத்தாகிவிட்டால், பம்புசெட் இல்லாத வயலெல்லாம் சித்திரையில் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். திருவையாற்றிலிருந்து கும்பகோணம் போகிறவர்கள் அந்த நாட்களில் வயலை விட்டுக் கொல்லை வேலிகளைப் பார்க்க வேண்டும். நொச்சியும் ஆடாதோடையும் யாரும் தண்ணீர் ஊற்றாமலே தழைத்து நிற்கும்.

நொச்சியில் ஒரு கொழுந்தை ஒடித்துப் பாருங்கள். இளந்தண்டு உருண்டையாக இராது. நான்கு பட்டையாக இருக்கும். காம்பின் நுனியில் பெரும்பாலும் ஐந்து சிற்றிலைகள், சிலவற்றில் மூன்று. நடுவில் இருப்பதுதான் நீளம். அதற்கென்று ஒரு சின்னக் காம்பும் உண்டு. ஓரத்துக் குட்டை இலைகள் இரண்டும் காம்பே இல்லாததுபோல ஒட்டிக்கொண்டிருக்கும். மேல்புறம் கரும்பச்சை. புரட்டினால் விபூதி பூசினாற்போல் ஒரு வெளுப்பு. அது மிக மெல்லிய ரோமம். விரலால் நீவினால் தெரியும். ஆனி, ஆடியில் மேல்காற்று எழும்போது வேலி நெடுக இலைகள் புரண்டு வெளுத்து, காற்று தணிந்ததும் மறுபடி பச்சையாகும். இதை நின்று பார்க்கிறவர்கள் குறைவு. சளிக்கு ஆவி பிடிக்கவும், மாட்டுக் கொட்டகையில் கொசுவுக்குப் புகை போடவும் மட்டும் நொச்சியைத் தேடுகிறோம். சென்னை மாநகராட்சிகூடக் கொசுவை விரட்டத்தான் நொச்சிக் கன்றுகளை மக்களுக்குக் கொடுத்தது. இலையின் அழகுக்காகவே அதை வளர்க்கலாம் என்பது என் கட்சி.

ஆடாதோடை இலை, தனியாகப் பார்த்தால் சாதாரண இலை. நீண்டு, நுனி கூராகி, நடுநரம்பிலிருந்து கிளை நரம்புகள் விளிம்பை நோக்கி வளைந்து போகும். அடுக்கில்தான் இதன் நேர்த்தி. ஒரு கணுவில் இரண்டு இலை எதிரெதிராக இருந்தால், அடுத்த கணுவின் இரண்டும் அதற்குக் குறுக்கே வரும். மேலே நின்று குனிந்து பார்த்தால் கூட்டல் குறிகள் ஒன்றுக்குள் ஒன்றாக இறங்குவது தெரியும். ஒரு ஜோடி அடுத்த ஜோடியின் வெயிலை மறைப்பதில்லை. அறுப்பு முடிந்து ஆடுகளை அவிழ்த்துவிடும் காலத்திலும் இந்த அடுக்கு குலையாது; வாசிசின் முதலான கசப்புப் பொருள்கள் இருப்பதால் ஆடு வாய் வைக்காது. ஆடு தின்னாத இத்தகைய தழைகளை ஊறவைத்துப் பூச்சிவிரட்டி செய்யச் சொன்னவர் இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார். அவரும் இந்த மண்ணுக்காரர்தான், 1938-ல் இளங்காட்டில் பிறந்தவர்.

வாசல் பக்கத்துக்குக் குரோட்டன்ஸ். மலுக்குத் தீவுகள் பக்கத்திலிருந்து வந்த செடி, இன்று நம் தெருக்களில் சிமெண்ட் தொட்டி இருக்கும் வீட்டிலெல்லாம் இருக்கிறது. ஒரே கிளையை உச்சியிலிருந்து கீழே பார்த்துக்கொண்டு வந்தால் அதன் வயது தெரியும். பல ரகங்களில் கொழுந்து இளம்பச்சை, நரம்பில் மட்டும் மஞ்சள். அதற்குக் கீழே மஞ்சள் பரந்து ஆரஞ்சாகும். அடியிலையில் பச்சை இருண்டு, நரம்பு ரத்தச் சிவப்பாக ஓடும். திண்ணையின் உள்ளே தள்ளி வைத்தால் இந்த நிறங்களெல்லாம் மங்கிவிடும். காலை வெயில் வேண்டும். டெல்டாக் களிமண்ணை அப்படியே தொட்டியில் போட்டால் நீர் வடியாமல் வேர் அழுகும். அடித்துளையில் ஓட்டாஞ்சில்லு வைத்து, செம்மண்ணும் ஆற்று மணலும் மக்கிய எருவும் கலந்து நிரப்புவது நல்லது. கோடையில் இலையின் அடிப்பக்கம் சிலந்திப் பேன் சேரும். அங்கேயும் தண்ணீர் தெளித்துக் கழுவ வேண்டும்.

இப்போது ஊருக்குள் வேலியைப் பிடுங்கிவிட்டுக் காம்பவுண்டு சுவர் எழுப்புகிறார்கள். சுவர் இருக்கட்டும். அதன் உட்புறம் மூன்றடி விட்டு, ஐப்பசி மழையில் ஆடாதோடைப் போத்தும் நொச்சிப் போத்தும் மாற்றி மாற்றி நடலாம். இரண்டும் லேசில் வேர் பிடிக்கும். வளர்ந்தபின் வருடத்துக்கு இருமுறை இடுப்பளவுக்குக் கழித்துவிட்டால் அடியிலிருந்தே நெருக்கமாகத் தழையும். கழித்த தழை வயலுக்கோ பூச்செடிக்கோ எருவாகும். இடமில்லாத வீட்டில் அகலமான தொட்டி ஒன்றில் நொச்சி வைத்து, காற்று வரும் மூலையாகப் பார்த்து வையுங்கள்.