புல்லுண்ணும் குதிரையும் புலால்வழி நோயும்

புலி பசித்தாலும் புல்லைத் தின்னாது என்பது பழமொழி. குதிரை பசித்தால் புலாலைத் தின்னுமா? தின்னாது என்றே நெடுங்காலம் கருதப்பட்டு வந்தது. விலங்குகளை ஊனுண்ணி, தாவர உண்ணி எனப் பிரித்து, குதிரையைப் பின்னதில் நிறுத்திவிட்டால் பாடம் முடிந்துவிடும். மாணவர்க்கு இப்பாகுபாடு எளிது. ஆயின், அதனை மாறா விதியெனக் கொண்டதால் விளைந்த கேடு எளிதன்று.

டிரைக்கினெல்லா என்பது தசையில் தங்கும் ஒட்டுண்ணிப் புழு. இதன் இளம்புழுக்கள் உள்ள இறைச்சியை உண்பதாலேயே இந்நோய் பற்றும். பன்றியே இதற்கு மூலம் என்று உலகம் அறிந்திருந்தது. 1975 இல் இத்தாலியிலும், அதனை அடுத்துப் பிரான்சிலும், குதிரையிறைச்சி உண்டோர் இந்நோயுற்றனர். 1985 இல் பிரான்சில் மட்டும் இருமுறை பரவி, ஆயிரத்துக்கு மேற்பட்டோரை வருத்தியது. காய்ச்சல், தசைவலி, கண்ணிமை வீக்கம் என்பன இதன் குறிகள். கடுமையுற்றால் இதயத்தையும் தாக்கும். அங்குக் குதிரையிறைச்சியைப் பச்சையாகவோ அரைவேக்காடாகவோ உண்ணும் வழக்கமுண்டு. ஒரு குதிரையின் இறைச்சி பலருக்குப் பங்காவதால், நூற்றுக்கணக்கானோர் நோயுற ஒரு குதிரையே போதுமானதாயிற்று.

புல்லுண்ணும் விலங்குக்கு ஊன்வழி நோய் வந்தது எவ்வாறு? செர்பியாவில் நடந்து 2004 இல் வெளிவந்த ஆய்வொன்று இதற்கு விடை தந்தது. இறைச்சியைக் கொடுத்தபோது குதிரைகள் பல தயங்காது தின்றன. சமையற்கழிவையும் ஊனையும் குதிரைக்குத் தீனியாக இடும் வழக்கமும் அங்குக் காணப்பட்டது. ஆகவே, குற்றம் குதிரையுடையதன்று. அதன் தொட்டியில் என்ன இடப்படுகிறது என்று பாராதவருடையது.

சோதனை முறையும் குறைகூறத்தக்கதே. நோயுற்ற குதிரை வெளிக்குறி எதனையும் காட்டுவதில்லை. குருதிச் சோதனையையும் நம்ப இயலாது. இளம்புழுக்கள் தசையில் உயிரோடிருக்கும்போதே குருதியிலுள்ள எதிர்ப்பொருள் மறைந்துவிடும். எனவே தசையையே எடுத்து ஆராய வேண்டும். பன்றிக்கு உதரவிதானம் ஏற்ற இடம். குதிரைக்கோ நாவும் தாடைத் தசையுமே ஏற்றவை. ஐரோப்பிய ஒன்றிய விதி, பன்றிக்கு ஒரு கிராம் தசை போதுமெனினும், குதிரைக்குக் குறைந்தது 5 கிராம் வேண்டும் என்கிறது. 1985 க்குப் பின் சோதனை கட்டாயமாக்கப்பட்டும், 1998 இல் பிரான்சில் நோய் மீண்டும் பரவியது. விதி ஏட்டில் இருந்தது. அதனைச் செய்த கையில் செம்மை இல்லை.

தாவர உண்ணி என்னும் சொல் பொய்யன்று. ஆனால் அது விலங்கின் வழக்கத்தைக் கூறும் சொல்லே தவிர, ஊனை அது தீண்டவே தீண்டாது என உறுதி கூறும் சொல் அன்று. ‘பெரும்பாலும்’ என்னும் ஒரு சொல்லைச் சேர்த்துக் கற்பித்தல் ஆசிரியர் கடன். அச்சொல் விடுபட்டால் தேர்வில் மதிப்பெண் குறையாது. உணவுக் கலத்தில் உயிருக்கே இடையூறு நேரலாம்.