கடிகாரமும் கண்ணும்

1802இல் ஆங்கிலப் பாதிரியார் வில்லியம் பேலி, 'இயற்கை இறையியல்' என்னும் நூலில் வாதிட்டார்: வெட்டவெளியில் கிடக்கும் கடிகாரத்திற்குச் செய்தவன் உண்டெனில், அதனினும் நுட்பமான கண்ணுக்கும் ஒருவன் உண்டன்றோ?

உடலுறுப்புகளை அவர் விளக்கும் திறத்தை நாம் பாராட்டுகிறோம். முடிவோ வெறும் தாவல்! கடிகாரம் ஈனுவதில்லை, உயிர்கள் ஈனுகின்றன. ஈன்றவை வேறுபடுகின்றன, வாழத் தக்கவை எஞ்சுகின்றன. இவ்வழியே சிறுகச் சிறுக நுட்பம் திரளுமென்று 1859இல் காட்டினார் டார்வின். மாணவராய்ப் பேலியின் நூலைச் சுவைத்துப் படித்தவரே அவர்!

கண்ணையே சாட்சிக்கு அழைப்போம். நம் விழித்திரையில் ஒளியுணரும் உயிரணுக்களுக்கு முன்னே நரம்பிழைகள் படர்ந்து, திரையைத் துளைத்து வெளியேறுகின்றன. அவ்விடம் குருட்டுப் புள்ளி. கணவாயின் கண்ணிலோ அக்குறை இல்லை. மனிதனைத் தன் சாயலில் படைத்தவன், குறையற்ற அமைப்பைக் கணவாய்க்கா கொடுத்தான்?

ஒழுங்கைக் கண்டு வியப்போம், தோழர்களே! வியப்பையே விடையாகக் கொள்ளோம்.