இல்லாத எலும்பின் வளைவு

டெல்லி எய்ம்ஸின் விபத்துச் சிகிச்சை மையம் போன்ற இடங்களில், அடிபட்ட மூளை வீங்கும்போது அழுத்தம் குறைய மண்டை ஓட்டின் ஒரு பகுதியையே வெட்டி எடுக்கிறார்கள். வீக்கம் வடிந்ததும் அதே எலும்பைத் திருப்பி வைக்கலாம். அது நொறுங்கியோ சீழ்பிடித்தோ போயிருந்தால், குழியை மூடும் மாற்றுத் தகட்டை வடிவமைக்கும் வேலை கணினிக்கு வருகிறது.

சி.டி. ஸ்கேனின் மெல்லிய அடுக்குகளைச் சேர்த்து மண்டை ஓட்டைத் திரையில் எழுப்புகிறார்கள். நல்ல பக்கத்தைக் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பிக் குழியின்மேல் பொருத்தினால் பாதி வேலை முடிந்தது. நெற்றியின் நடுவே ஓட்டை என்றால் அந்த வித்தை பலிக்காது; வடிவமைப்பவரின் கண்தான் வளைவைத் தீர்மானிக்க வேண்டும். இந்தத் தொழிலின் அழகே அங்கேதான். தகட்டில் விடும் சிறு துளைகளும் அலங்காரமல்ல: அடியில் நீர் தேங்காதிருக்கவும், மூளையுறையை இழுத்துத் தைக்கவும்தான்.

1668இல் வெளிவந்த நூலில் டச்சு மருத்துவர் யோப் வான் மீக்கரன், மண்டை ஓட்டின் ஓட்டையில் நாயின் எலும்பை வைத்து ஒட்டிய சிகிச்சையைப் பதிவு செய்தார். இன்று டைட்டானியமும் ‘பீக்’ பிளாஸ்டிக்கும் வந்துவிட்டன. 2018இல் புனே பாரதி மருத்துவமனையில் ஒரு சிறுமிக்கு மண்டை ஓட்டின் சுமார் 60 சதவீதம் மாற்றப்பட்ட செய்தி வந்தது.

பீக்கின் விலைதான் கையைக் கடிக்கிறது. அதனால் அச்சை மட்டும் முப்பரிமாணப் பிரிண்டரில் எடுத்து, மாவுப் பதத்தில் எலும்பு சிமென்ட்டை அதில் அழுத்தி வார்ப்பதும் உண்டு. அரசு மருத்துவமனைகளுக்கு ஏற்ற வழி அதுவே.