வான்கோழி யாரைப் பார்த்து ஆடியது?

'பிறரைப் பார்த்து ஆடாதே' என்ற பாடத்தைத் தமிழ்க் குழந்தை ஒரு பறவையிடமிருந்து கற்றுக்கொள்கிறது. ஔவையாரின் பெயரால் வழங்கும் மூதுரையில் வரும் வான்கோழிதான் அது. காட்டு மயில் ஆடுவதைக் கண்டு, தானும் மயில் என்று எண்ணித் தன் அழகற்ற சிறகை விரித்து ஆடியதாம். கல்லாதவர் கவி சொல்வதும் அப்படித்தான் என்று செய்யுள் முடிகிறது. நீதிநூல் பதிப்புகளில் இதற்குப் படமும் போடுவார்கள். ஒரு பக்கம் நீலமும் பச்சையுமாக மயில், மறுபக்கம் சிரிப்புக்கு ஆளாகும் வான்கோழி. நம்மில் பலர் பார்த்த முதல் 'நகல்–அசல்' படம் அது.

நம் பழமொழிகளும் இதே பாதையில்தான் போகின்றன. புலியைப் பார்த்துப் பூனை சூடு போட்டுக்கொள்கிறது. ஈயடிச்சான் காப்பி எழுதும் குமாஸ்தா, மூலத்தில் ஈ செத்து ஒட்டியிருந்த இடத்தில் தானும் ஓர் ஈயை அடித்து ஒட்டுகிறான். இவற்றில் சிரிப்புக்கு ஆளாவோரைக் கவனியுங்கள். பூனை, குமாஸ்தா, கோழி, கல்லாதவர். கீழே இருப்பவர் மேலே பார்த்துச் செய்தால் மட்டுமே அதற்குப் 'போலி' என்று பெயர்.

மேலே இருப்பவர் கீழே பார்த்துச் செய்தபோது நாம் வேறு பெயர்கள் வைத்திருக்கிறோம். தேவதாசி மரபுப் பெண்கள் தலைமுறைகளாகப் பேணிய சதிர், 1930களில் பிற சாதிப் பெண்களின் மேடைக்கு வந்தது. 1935இல் ருக்மிணி தேவி அருண்டேல் அடையாறில் ஆடினார்; அடுத்த ஆண்டு கலாக்ஷேத்ரா தொடங்கப்பட்டது. அதை மறுமலர்ச்சி என்று எழுதினோம். யாரும் வான்கோழியை நினைவுகூரவில்லை. 1947இல் தேவதாசி ஒழிப்புச் சட்டம் வந்த பிறகு, அந்தக் கலையைக் கற்றுக்கொடுத்த மரபின் பெண்கள் அதே ஆட்டத்தை ஆடவே கூச வேண்டியிருந்தது.

வான்கோழிக்கு ஒரு நியாயம் செய்துவிட்டு மேலே போகலாம். இன்று நாம் வான்கோழி என்றழைக்கும் பறவை அமெரிக்கக் கண்டத்தைச் சேர்ந்தது. மயில் அங்கே கிடையாது. ஆனாலும் அங்கே ஆண் வான்கோழி வாலை விசிறியாக விரித்து, சிறகைத் தாழ்த்தி, சுற்றிச் சுற்றி நடக்கும். அது பிறவியிலேயே அதற்குத் தெரிந்த ஆட்டம். 1612இல் கோவாவிலிருந்து ஜஹாங்கீரின் அவைக்கு ஒரு வான்கோழி வந்தது. ஓவியர் மன்சூர் அதைத் தீட்டினார். அது மயிலைப் போல விரித்து ஆடுவதைப் பேரரசர் தம் நினைவுக்குறிப்பில் வியந்து எழுதினார். அதே ஆட்டம், அதே பறவை. ஓரிடத்தில் வியப்பு, ஓரிடத்தில் ஏளனம். வான்கோழி யாரையும் பார்த்து ஆடவில்லை. பார்த்துக்கொண்டிருந்தவர்கள்தான் மயிலை மனத்தில் வைத்திருந்தார்கள்.

இந்தக் கேள்வியோடுதான் 'நீ நீயாக இரு' என்று சொல்லும் படக்கதைகளிடம் போக வேண்டும். ராபர்ட் மன்ஷ் எழுதி 1996இல் வெளிவந்த 'ஸ்டெஃபனிஸ் போனிடெயில்' இவ்வகையில் உலகறிந்த ஒன்று. ஸ்டெஃபனி குதிரைவால் போட்டுப் பள்ளிக்குப் போகிறாள். 'அசிங்கம்' என்று சிரித்தவர்களே மறுநாள் அதே குதிரைவாலோடு வருகிறார்கள். அவள் பக்கவாட்டில் கட்டினால் அவர்களும் பக்கவாட்டில். உச்சியில் கட்டினால் அவர்களும் உச்சியில். கடைசியில் 'நாளைக்கு மொட்டை' என்கிறாள். மறுநாள் ஆசிரியை உட்பட எல்லாரும் மொட்டை. அவள் மட்டும் பழைய குதிரைவாலோடு வந்து நிற்கிறாள். குழந்தைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். சிறுமி ஒருத்தி ஊர்ச்சிரிப்புக்கு அஞ்சாமல் நிற்பது நமக்கும் பிடித்தமானதே. ஆனால் கதையின் சிரிப்பு மூதுரையின் சிரிப்புதான். பார்த்துச் செய்பவர் முட்டாள். அந்தப் பிள்ளைகளுக்குக் குதிரைவால் ஏன் பிடித்தது என்று கதை கேட்பதே இல்லை.

கேட்கும் புத்தகம் ஒன்று இந்தியாவில் இருக்கிறது. கனக் ஷஷி எழுதி, படமும் செய்து, சென்னையின் தூலிகா பதிப்பகம் 2019இல் வெளியிட்ட 'குட்லி ஹேஸ் விங்ஸ்'. குட்லி என்றால் இந்தியில் பழத்தின் உள்ளே இருக்கும் கொட்டை. சைக்கிள் ஓட்டுவதும் படம் வரைவதும் வயலில் ஆடுகளைத் தேடி ஓடுவதுமாக இருக்கும் குழந்தை. தீபாவளியன்று குட்லி தன் அக்காவின் ஃப்ராக்கைப் போட்டுக்கொள்கிறாள். வீடு அதிர்கிறது. 'நீ பையன்' என்கிறார்கள். 'நான் பெண்ணாக இருக்கும்போது ஏன் பையன் என்கிறீர்கள்?' என்பதே குட்லியின் கேள்வி. பிறகு குழந்தையின் ஓட்டமும் சிரிப்பும் நின்றுபோகின்றன. முடிவில் அம்மாவே ஒரு ஃப்ராக்கைக் கொண்டுவந்து கொடுக்கிறார்.

வீட்டாரின் கண்ணில் குட்லி அக்காவைக் காப்பியடிக்கிறாள். குட்லியின் கண்ணில் அவள் தன் உடுப்பைப் போட்டிருக்கிறாள். இந்த இரண்டில் எதை நம்புவது என்பதைப் புத்தகம் குழந்தையிடம் விட்டுவிடுகிறது. படங்களும் அதற்கு ஒத்துழைக்கின்றன. வண்ணக் காகிதத்தைக் கத்தரித்து ஒட்டிய தட்டையான வடிவங்கள். ஒரு குழந்தையின் கையாலும் ஆகக்கூடியவை. எல்லாருமே ஒரே காகிதக் கட்டிலிருந்து வெட்டியெடுக்கப்பட்டவர்கள்.

நான் அதிக நேரம் நிற்பது அக்காவிடம்தான். அவளும் ஃப்ராக் போடுகிறாள். அவள் யாரைப் பார்த்துப் போட்டாள்? அம்மாவை, அத்தையை, கடைப் பொம்மையை, சினிமாவை. அவளிடம் யாரும் 'நீ நீயாக இரு' என்று சொல்வதில்லை. பெண்மை என்பது மூலம் இல்லாத நகல்களின் தொடர் என்று ஜூடித் பட்லர் 1990களில் வாதிட்டார். நம் மரபிலேயே சான்று இருக்கிறது. பெண்ணின் சாயலுக்கு மயிலை உவமை சொல்லிச் சொல்லிப் பழகிய நாம், தோகை ஆண் மயிலுக்கு உரியது என்பதை மறந்தே போனோம்.

இக்கதையைத் தமிழில் வாய்விட்டுச் சொல்பவருக்கு முதல் வாக்கியத்திலேயே ஒரு சோதனை. குட்லி ஓடினானா, ஓடினாளா? நம் வினைமுற்று ஒளிந்துகொள்ள இடம் தராது. குழந்தை என்று சொல்லி 'ஓடியது' என முடிக்கலாம்; கொஞ்ச நேரத்துக்குத்தான் அது தாங்கும். இங்கே நன்னூல் கைகொடுக்கிறது. 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் பால் பகுக்கும்போது, ஆண்மையை விட்டுப் பெண்மையை அவாவுவோரைப் பெண்பாலில் சேர்த்தார். பெண்மையை விட்டு ஆண்மையை அவாவுவோரை ஆண்பாலில் சேர்த்தார். இரண்டும் அஃறிணை போலவும் வரலாம் என்று அதே நூற்பா ஒரு கதவைத் திறந்துவைத்ததையும் மறைக்கக் கூடாது. அந்தக் கதவு வழியாக எத்தனை இழிவு உள்ளே வந்தது என்பது நமக்குத் தெரியும். ஆனாலும் வினையின் விகுதியைத் தீர்மானிப்பது 'அவா' என்று ஓர் இலக்கண நூல் சொல்லியிருக்கிறது. குட்லி ஓடினாள்.

அதே இலக்கணத்தில் 'போலி' என்பது வசைச்சொல்லும் அன்று. நிலம் என்பது நிலன் என்று வரும். ஓர் எழுத்தின் இடத்தில் மற்றோர் எழுத்து வந்தும் பொருள் சிதையாது. இதை முதலாண்டு மாணவிக்கும் நடத்துகிறோம். தேர்வில் உதாரணம் கேட்கிறோம். வீட்டில் மட்டும் மறந்துவிடுகிறோம்.

புத்தகத்தின் மீது எனக்கு இரண்டு மனக்குறைகள் உண்டு. முதலாவது, தீர்வு அம்மாவின் கையிலிருந்து வருவது. கொடுக்கும் கை இல்லாத வீடுகளே அதிகம். நாமக்கல் பக்கத்துக் கிராமத்தில் வளர்ந்த அ. ரேவதி, சிறு வயதில் அக்காவின் பாவாடை சட்டையை உடுத்தி, தலையில் துண்டை முறுக்கிக் கட்டிப் பின்னலாகத் தொங்கவிட்டு நடந்ததைத் தன் வரலாற்றில் எழுதியிருக்கிறார். அது 2010இல் ஆங்கிலத்திலும், 2011இல் 'வெள்ளை மொழி' என்று தமிழிலும் வந்தது. அந்தத் துண்டுப் பின்னலுக்கு வீட்டில் கிடைத்தது அடி. குட்லியின் தீபாவளியை வாசித்துவிட்டு ரேவதியை வாசிக்கும் மாணவிக்கு, படக்கதையின் கடைசிப் பக்கம் எவ்வளவு அரிய பக்கம் என்பது புரியும்.

இரண்டாவது, ஃப்ராக். பெண் என்றால் ஃப்ராக்தானா என்று பெண்ணியவாதி கேட்கத்தான் வேண்டும். ஆனால் எங்கள் உத்திரமேரூர்ப் பக்கக் கிராமங்களில் இருந்து அதைக் கேட்டால் விடை மாறுகிறது. இங்கே ஒரு சிறுமியிடமிருந்து முதலில் பறிக்கப்படுவதே ஃப்ராக்தான். வயதுக்கு வந்ததும் சடங்கு, தாவணி, பிறகு துப்பட்டா. சைக்கிளின் வேகமும் வயல்வெளி ஓட்டமும் அதோடு போய்விடும். குட்லி கேட்கும் உடுப்பு, அக்காவிடமிருந்து இன்னும் சில ஆண்டுகளில் பிடுங்கப்படப்போகும் உடுப்பு. இந்த இருவரையும் எதிரெதிரே நிறுத்தும் பேச்சுகளை நான் பெண்ணியக் கூட்டங்களிலும் கேட்டிருக்கிறேன். படக்கதையோ இருவரையும் ஒரே வீட்டில், ஒரே துணியின் இரு முனைகளைப் பிடித்தபடி நிறுத்தியிருக்கிறது.

தகுதியை யார் தீர்மானிப்பது என்ற கேள்வி எங்கள் ஊருக்குப் புதிதன்று. உத்திரமேரூர்க் கோயில் சுவரில் உள்ள பராந்தகச் சோழன் காலத்துக் கல்வெட்டுகள் (919, 921) குடவோலையில் பெயர் இடத் தக்கவரை நிலம், மனை, வயது, வேதக் கல்வி என்று வரிசையாக அளக்கின்றன. அந்த ஓலைகளில் பெண் பெயர் இல்லை. 2014இல் உச்ச நீதிமன்றம் நல்சா வழக்கில், தன் பாலினத்தைத் தானே அறிவிப்பது ஒருவரின் உரிமை என்றது. குட்லி வெளிவந்த அதே 2019இல் வந்த திருநர் சட்டம், அடையாளச் சான்றிதழுக்கு மாவட்ட ஆட்சியரிடம் விண்ணப்பிக்கச் சொன்னது. அதே ஆண்டில்தான் நர்த்தகி நடராஜ், பத்மஸ்ரீ பெற்ற முதல் திருநங்கை ஆனார். திரைப்பட நடனங்களைப் பார்த்து ஆடத் தொடங்கி, தஞ்சை கிட்டப்பா பிள்ளையிடம் முறையாகக் கற்றவர். பார்த்து ஆடியதில்தான் அவர் கலை தொடங்கியது.

என் வகுப்புக்கு வரும் பெண்களில் பலர் வீட்டின் முதல் பட்டதாரிகள். கவிதை எழுதிக் கொண்டுவந்து, 'யாரையோ பார்த்து எழுதின மாதிரி இருக்கு மேடம்' என்று தாளை மறைப்பார்கள். மூதுரையின் கல்லாதவர் கவி அவர்கள் காதில் இன்னும் ஒலிக்கிறது. அவர்களில் சிலர் நாளை தொடக்கப் பள்ளி ஆசிரியைகள் ஆவார்கள். மூதுரையை நடத்தவும் வேண்டியிருக்கும். நடத்தட்டும். அந்தச் செய்யுளுக்குப் பக்கத்திலேயே குட்லியையும் விரித்துவைத்து, பிள்ளைகளிடம் ஒன்று கேட்கட்டும்: இந்த வான்கோழியிடம் யாராவது போய், 'நீ ஏன் ஆடினாய்?' என்று கேட்டார்களா?