பதினான்கில் ஒரு பங்கு வெளிச்சம்

ஒரு லாரியின் கேபினை நாம் பார்ப்பதில்லை. அதன் வால்பக்கத்தைத்தான் பார்க்கிறோம். டிரைவர் பிரேக்கில் கால் வைத்தார், இடப்பக்கம் திரும்பப் போகிறார், ரிவர்ஸ் போட்டுவிட்டார் என்பதையெல்லாம் பின்னால் எரியும் நாலைந்து விளக்குகளே சொல்லிவிடுகின்றன. ஜப்பானின் டாமியா நிறுவனம் 1/14 அளவில் விற்கும் ஸ்கேனியா, ஆக்ட்ராஸ் போன்ற ரேடியோ கண்ட்ரோல் லாரிகளுக்கு விளக்கு போடும் கலையையும் இதை வைத்துத்தான் எடைபோட வேண்டும். விளக்கு வண்டியின் அசைவோடு சேர்ந்து பேசுகிறதா, வெறுமனே எரிந்துகொண்டிருக்கிறதா?

அசைவோடு சேரும்போது கிடைப்பது பெரிய பலன். கேபினுக்குள் உட்கார்ந்திருப்பது பிளாஸ்டிக் உருவம். ஆனால் ரிமோட்டின் ஸ்டிக்கைப் பின்னுக்கு இழுத்து வண்டி வேகம் குறையும் அதே கணத்தில் பின்னால் சிவப்பு கூடினால், உள்ளே யாரோ ஓட்டுகிறார் என்று மனம் நம்பிவிடுகிறது. ரிசீவரிலிருந்து மோட்டாருக்குப் போகும் சிக்னலை விளக்கு யூனிட்டும் படிப்பதால்தான் இது நடக்கிறது. பிரேக் விளக்குக்கும் ரிவர்ஸ் விளக்குக்கும் தனி சுவிட்ச் கிடையாது, ஓட்டுவதே சுவிட்ச். சில யூனிட்டுகளில் இன்ஜின் ஸ்டார்ட் ஆகும் ஒலி வரும்போது ஹெட்லைட் ஒரு நொடி மங்கி மீளும். நிஜ லாரியில் ஸ்டார்ட்டர் மோட்டார் பேட்டரியை உறிஞ்சும்போது நடப்பது அதுதான். இதைக் கவனித்து வைத்தவர் லாரியோடு வாழ்ந்தவராகத்தான் இருக்க வேண்டும்.

குறைகளில் முதலாவது, எல்லாக் கண்காட்சியிலும் கண்ணைக் குத்துவது, மிதமிஞ்சிய வெளிச்சம். கணக்கு தப்பில்லை, அளவு தப்பு. 7.2 வோல்ட் பேட்டரியில் ஒரு வெள்ளை எல்இடி சுமார் 3 வோல்ட் எடுத்துக்கொள்ளும். மீதி 4.2 வோல்ட்டை 20 மில்லியாம்ப் என்ற பழக்கப்பட்ட எண்ணால் வகுத்து, 220 ஓம் ரெசிஸ்டர் வாங்கிப் போட்டுவிடுகிறார்கள். எல்இடிக்கு ஆபத்தில்லை, உண்மைதான். ஆனால் அந்த 20 மில்லியாம்ப் எல்இடி தாங்கக்கூடிய அளவு. ஒரு மாடலுக்குத் தேவையான அளவல்ல. ஒரு கை அகல கேபினில் அது சின்ன டார்ச் லைட் போல வீசுகிறது. வண்டியின் முகமே தெரிவதில்லை. 2.2 கிலோ ஓம் போட்டுப் பாருங்கள். சுமார் 2 மில்லியாம்ப்தான் ஓடும். பகலில் எரிகிறதா என்று சந்தேகம் வரலாம். அறை விளக்கை அணைத்ததும் ஹெட்லைட் கண்ணாடி, பம்பர், தரையில் விழும் மங்கலான வட்டம் எல்லாம் அதனதன் இடத்தில் தெரியும்.

வெளிச்சம் கூடினால் வேறொன்றும் கெடுகிறது. கேபினின் மெல்லிய பிளாஸ்டிக் வழியே ஒளி கசிந்து, ஹெட்லைட்டைச் சுற்றி முகம் முழுக்கச் சிவந்த தோல் போல ஒளிரும். உட்பக்கம் முதலில் கறுப்பும் அதன்மேல் வெள்ளியும் அடித்தால் தீரும். கேபினுக்குப் பெயின்ட் அடிக்கும் நாளிலேயே செய்ய வேண்டிய வேலை இது. எல்இடியை ஒட்டிய பிறகு நினைவுக்கு வந்து பயனில்லை.

பின்பக்கம் இன்னும் நுட்பமானது. டெயில் விளக்கும் பிரேக் விளக்கும் பல மாடல்களில் ஒரே எல்இடிதான். யூனிட் அதைக் குறைத்தும் கூட்டியும் காட்டுகிறது. டெயில் வெளிச்சத்தை அழகுக்காக அதிகமாக வைத்துவிட்டால், பிரேக் பிடிக்கும்போது வித்தியாசமே தெரியாது. வண்டி பேச வேண்டிய ஒரே சொல் அங்கே தொலைகிறது. டிரெய்லரின் பக்கவாட்டில் இருபது ஆரஞ்சு விளக்கு வைத்தவரின் வண்டியில் பிரேக் விளக்கு தெரியவில்லை என்றால் அந்த இருபதும் வீண் என்பேன்.

எத்தனை விளக்கு என்பதற்கும் நிஜமே வழிகாட்டுகிறது. ஐரோப்பிய விதிப்படி நீளமான வண்டியின் பக்க விளக்குகளுக்கு இடையே பொதுவாக 3 மீட்டருக்கு மேல் இடைவெளி இருக்கக் கூடாது. 1/14-இல் அது 21 சென்டிமீட்டர் சொச்சம். இண்டிகேட்டர் நிமிடத்துக்கு 60 முதல் 120 முறை சிமிட்ட வேண்டும். அமெரிக்க லாரியின் கூரையில் ஐந்து ஆரஞ்சு விளக்குகள் வரிசையாக நிற்பதற்கும் அங்குள்ள சட்டமே காரணம்.

அடுத்தது டிரெய்லர் இணைப்பு. என் கணிப்பில் இந்தக் கலையின் மிகப் பலவீனமான இடம் இதுதான். டெயில், பிரேக், ரிவர்ஸ், இரண்டு இண்டிகேட்டர், ஒரு பொது வயர் என்று ஆறு வயராவது கேபினுக்குப் பின்னாலிருந்து டிரெய்லருக்குப் போக வேண்டும். வண்டி செங்கோணத்தில் மடங்கித் திரும்பும்போது வயர் இறுக்கமாக இருந்தால் பிய்ந்துவிடும். தளர்வாக விட்டால் சக்கரத்தில் மாட்டும். இதற்கு மாற்றாக வந்த இன்ஃப்ராரெட் முறையில் வயரே இல்லை. லாரியின் பின்புறம் சிக்னல் அனுப்பும், டிரெய்லர் வாங்கிக்கொள்ளும். டிரெய்லரை மாட்டினால் போதும், விளக்கு எரியும். பார்க்க மனம் நிறைகிறது. ஆனால் டிரெய்லருக்கென்று தனி பேட்டரி வேண்டும், அதற்குத் தனி சார்ஜ் வேண்டும். பளீரென்ற வெயிலில் சிக்னல் தடுமாறவும் கூடும். அடிக்கடி டிரெய்லர் மாற்றுபவருக்கு இது தகும். ஒரே டிரெய்லரை இழுப்பவருக்கு நல்ல மெல்லிய சிலிக்கான் வயரும் ஒரு சின்ன கனெக்டரும் போதும்.

அந்தப் பொது வயரில் நான் ஒரு வாரம் இழந்தேன். கார் வயரிங் பழக்கத்தில் மைனஸைப் பொதுவாக வைத்து டிரெய்லர் முழுக்க சால்டர் செய்து முடித்தேன். என் யூனிட்டோ பிளஸ்ஸைப் பொதுவாக வைத்து, மைனஸ் பக்கத்தில் சுவிட்ச் செய்யும் வகை. ஒரு விளக்கும் எரியவில்லை. ஒவ்வொரு எல்இடியாகக் கழற்றித் திருப்பிப் போட வேண்டியிருந்தது. கசப்பு அந்தத் தவறில் அல்ல; எல்லாவற்றையும் பசை வைத்து ஒட்டிவிட்டிருந்ததில்தான் இருந்தது. லென்ஸ் இரண்டு உடைந்தே போயின.

மாடல் லாரி வயரிங்கில் பரவலாக உள்ள பெரும் குறை இதுதான் என்று அப்போது புரிந்தது: திரும்பத் திறக்க முடியாதபடி செய்துவிடுவது. கேபின் முன்பக்கம் சாயும் கீல் அருகே வயர் ஓராயிரம் முறை மடங்கும். என்றாவது ஒருநாள் உள்ளே அறுபடும். அங்கே கனெக்டர் இல்லையென்றால் முழு கேபினையும் பிரிக்க வேண்டும். பின்னால் சிரமம் தரும் இன்னொரு பழக்கம், இரண்டு வெள்ளை எல்இடியைத் தொடராக இணைப்பது. ரெசிஸ்டருக்கு மிஞ்சுவது 1.2 வோல்ட்தான். வண்டி பாரத்தோடு மேடேறும்போது பேட்டரி சற்று இறங்கினாலும் ஹெட்லைட் படபடக்கும். ஒரு ரெசிஸ்டரை மிச்சப்படுத்தியதற்கு அது பெரிய விலை.

இப்போது என் டிரெய்லரில் எல்இடி எதையும் ஒட்டுவதில்லை. ஹீட் ஷ்ரிங்க் குழாய்க்குள் இறுக்கமாகச் செருகி, ஒவ்வொரு வயரின் நுனியிலும் துண்டுக் காகிதத்தில் 'இ.இண்', 'பிரேக்', 'ரிவ்' என்று எழுதிக் கட்டியிருக்கிறேன். பிரேக் விளக்கை மட்டும் தனி எல்இடியாகப் பிரித்துவிட்டேன். வண்டி நின்றதும் டெயிலின் மங்கல் சிவப்புக்குப் பக்கத்தில் இன்னொரு சிவப்பு சட்டென்று விழிக்கிறது.