உடைத்தவரும் முடித்தவரும்

1740 பெப்ரவரியில் இலண்டனில் சார்ள்ஸ் கிளே என்ற மணிக்கூட்டுக் கலைஞர் இறந்தார். இறப்பதற்குச் சில நாட்களுக்கு முன் அவர் செய்வித்த காரியம் அக்காலப் பத்திரிகையில் செய்தியாக வந்தது. ஏறக்குறைய 20 ஆண்டுகளையும் 2000 பவுணுக்கு மேற்பட்ட பணத்தையும் விழுங்கியிருந்த ஓர் இசைப்பொறியை அடித்து நொருக்கச் சொன்னார். அப்படியே நொருக்கப்பட்டது. தனக்குப் பின்னால் வேறொருவர் அதை முடிக்கப் புறப்பட்டுத் தன் காலத்தையும் பணத்தையும் தொலைத்துவிடக் கூடாது என்பதே காரணமாகச் சொல்லப்பட்டது.

இந்தச் செய்தியை வாசித்த நாளிலிருந்து அதை என்னால் மறக்க முடியவில்லை. என் மேசை லாச்சிக்குள் ஒரு கொப்பி கிடக்கிறது. இறந்துபோன நண்பர் ஒருவர் எழுதி முடிக்காமல் விட்ட நாவல். "நான் இல்லாட்டி இதைக் கிழிச்சுப் போடுங்கோ அண்ணை" என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தபடி சொல்லித்தான் கையில் தந்தார். நான் கிழிக்கவில்லை. வெளியிடவும் இல்லை. ஆகவே கிளேயின் வாழ்வையும் வேலையையும் பற்றிய இக்கட்டுரை முற்றிலும் நடுநிலையானது அல்ல என்பதை வாசகர் முதலிலேயே அறிந்துகொள்வது நல்லது.

கிளே யோர்க்ஷயரிலிருந்து இலண்டனுக்கு வந்தவர். 1716இல் தான் கண்டுபிடித்த ஒரு பொறிமுறைக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். இலண்டன் மணிக்கூட்டுத் தொழிலாளர் சங்கம் அதை எதிர்த்தது. இதுபோன்றது ஏற்கெனவே எங்களிடம் இருக்கிறது என்று பெயர்பெற்ற டானியல் குவேயரின் வேலையைக் காட்டி வாதாடியது. காப்புரிமை கிடைக்கவில்லை. வெளியூரான் ஒருவன் தலைநகரின் கதவைத் தட்டும்போது என்ன நடக்கும் என்பதை எங்களில் பலருக்கு விளக்கத் தேவையில்லை. கிளே திரும்பிப் போகவில்லை. ஸ்ட்ராண்ட் பகுதியில் தொழிலை நிலைநிறுத்தி, 1730களில் இலண்டனே பேசும் இசை மணிக்கூடுகளைச் செய்தார். அவற்றுக்கான இசையைத் தந்தவர்களில் ஒருவர் ஹண்டெல்.

இசை மணிக்கூடு என்றதும் மணிக்கொருதரம் 'கிணுங்' என்று ஒரு மெட்டை அடித்து ஓயும் விளையாட்டுப் பொருளை நினைக்கக் கூடாது. கிளேயின் பெரிய மணிக்கூடுகளுக்குள் மணிகளோடு சிறியதொரு ஓர்கனும் இருந்தது. பாரம் இறங்கும் விசையில் மர உருளை ஒன்று மெல்லச் சுழலும். உருளை முழுக்கப் பித்தளை ஊசிகள். ஓர் ஊசி ஒரு நெம்பைத் தூக்க, ஒரு வால்வு திறந்து, துருத்தியின் காற்று அதற்குரிய குழலுக்குள் போகும். நீண்ட சுரத்துக்கு ஊசிக்குப் பதில் பாலம்போல் வளைந்த கம்பி. உருளையைப் பக்கவாட்டில் இம்மியளவு நகர்த்தினால் ஊசிகளின் வேறொரு வரிசை நெம்புகளுக்கு நேரே வரும். வேறு பாட்டு ஒலிக்கும்.

எழுதப்பட்ட சுரக்குறிப்பு பல விஷயங்களை வாசிப்பவரின் பொறுப்பில் விட்டுவிடுகிறது. இந்தச் சுரத்தை எத்தனை தரம் அசைக்க வேண்டும், இரண்டு சுரங்களுக்கு நடுவே எவ்வளவு மூச்சு விட வேண்டும் என்பதெல்லாம் தாளில் இல்லை. கலைஞனின் விரலில் இருக்கின்றன. உருளையில் ஊசி அடிப்பவருக்கு அந்தச் சலுகை கிடையாது. ஒவ்வொரு அசைவையும் ஒவ்வொரு மௌனத்தையும் அவர் முன்கூட்டியே தீர்மானித்தாக வேண்டும். ஓர் ஊசி மயிரிழை தவறினால் அந்தப் பிழை ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் ஒலிக்கும். எனவே இசை மணிக்கூட்டில் சேமிக்கப்பட்டிருப்பது பாட்டு மட்டுமல்ல, செய்தவரின் தீர்ப்புகளும்தான். ஒலிப்பதிவு தோன்றுவதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு முந்திய மனிதர் ஒரு மெட்டை எப்படி அலங்கரித்தார் என்று அறிய விரும்பும் ஆய்வாளர்கள் இன்று பழைய உருளைகளைத் தேடிப் போவது இதனால்தான்.

மொஸார்ட்டின் அனுபவம் இதற்கு நேரெதிரானது. 1790இல் வியன்னாவில் ஒரு கண்காட்சிக்கூடத்தின் பொறி ஓர்கனுக்காக இசை எழுத ஒப்புக்கொண்ட அவர், அந்த வேலை அலுப்பூட்டுவதாகவும் அந்தச் சிறு குழல்களின் ஒலி குழந்தைத்தனமாக இருப்பதாகவும் மனைவிக்கு எழுதினார். அப்படி எழுதியவரே அடுத்த ஆண்டு பொறி ஓர்கனுக்காக எஃப் மைனரில் இன்னொன்று எழுதினார். அதை இன்று பெரிய தேவாலயங்களில் ஓர்கன் கலைஞர்கள் கைகளாலும் கால்களாலும் வாசிக்கிறார்கள். மொஸார்ட்டுக்குப் பொறி ஒரு வாகனம் மட்டுமே. வாகனம் போனாலும் இசை மிஞ்சியது. கிளேக்கு அப்படியல்ல. அவருடைய படைப்பு பொறியேதான். ஹண்டெலின் இசை ஹண்டெலுடையது. அதன் பிரதிகள் இன்றும் இருக்கின்றன. உருளையின் ஊசிகளே கிளேயின் எழுத்து. அதை உடைத்தால் மூலப்பிரதியும் போயிற்று, படியும் போயிற்று.

அப்படியானால் கிளே செய்தது சரியா? அவர் சொன்ன காரணத்தை நான் முழுதாக நம்பவில்லை. பிறர் பணத்தில் அக்கறை கொண்டவரின் குரலோடு, 1716இல் தன் கண்டுபிடிப்புக்கு வேறொருவரின் பெயர் சொல்லப்பட்டதைக் கேட்ட மனிதரின் குரலும் அதில் கேட்கிறது. அது என் ஊகம். ஆனால் நட்டம் ஊகமல்ல. 20 ஆண்டுகளின் தீர்ப்புகள் ஒரு நாளில் பித்தளைத் துண்டுகளாயின. அரைகுறையாக இருந்தாலும் அவற்றிலிருந்து நாம் கற்றிருக்கக்கூடியது ஏதேனும் இருந்திருக்கும்.

மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். கிளே விட்டுச்சென்ற வேறொரு பெரிய வேலை உடைபடவில்லை. 'உலகின் நான்கு பேரரசுகளின் ஆலயம்' என்ற அந்த மணிக்கூட்டை அவருக்குப் பின் ஜோன் பைக் முடித்தார். அது இப்போது கென்சிங்ரன் அரண்மனையில் நிற்கிறது. அசீரியா, பாரசீகம், மாசிடோனியா, உரோம் என்று எழுந்து வீழ்ந்த நான்கு பேரரசுகளைச் சித்திரிக்கும் ஆளுயர ஆலயம். ஓவியம் இத்தாலியரான அமிகோனி. சிற்ப வேலையில் லியோனில் பிறந்த ரூபிலியாக், அன்ற்வேர்ப்பில் பிறந்த றிஸ்பிராக். இசையில் ஜேர்மனியில் பிறந்து 1727இல் பிரித்தானியக் குடியுரிமை பெற்ற ஹண்டெல், இத்தாலியிலிருந்து வந்த ஜெமினியானி, வராமலே வந்துசேர்ந்த கொரெலி. ஆங்கில அரண்மனையின் நடுவே நிற்கும் இந்த 'ஆங்கில' மணிக்கூட்டில் உள்ளூர்க் கை எவ்வளவு என்று அதைச் சுற்றி வரும்போது யோசித்தேன்.

இந்த மணிக்கூட்டை முடித்ததற்காக பைக்குக் குற்றம் சொல்ல முடியாது. முடிக்காவிட்டால் இதுவும் இராது. ஆனால் அதன் முன் நிற்பவர் காண்பது தங்கப்பூச்சையும் சிற்பத்தையும் ஓவியத்தையும். ஒருகாலத்தில் அது இசைத்தது என்பதை எழுத்தில் வாசித்துத்தான் அறிகிறார். பேரரசுகளின் வீழ்ச்சியைப் பாடவந்த பெட்டியில் பேரரசுகள் மிஞ்சிவிட்டன. முடித்து வைப்பவர்கள் பெரும்பாலும் கூட்டைத்தான் காப்பாற்றுகிறார்கள் என்பது என் அபிப்பிராயம். மறைந்த எழுத்தாளர்களின் அரைகுறைப் பிரதிகளுக்கு வழவழப்பான அட்டை போட்டு, விடுபட்ட அத்தியாயங்களைத் தாமே எழுதிச் சேர்த்து வெளியீட்டுவிழா வைக்கும் நம்மவர்களும் இதை யோசிக்கலாம்.

எனவே இரண்டையும் பிரித்துப் பார்க்கிறேன். ஒரு படைப்பின் வடிவம் முடிந்து, வேலை மட்டும் மிச்சமிருந்தால் இன்னொரு கை அதை முடிக்கலாம். தீர்ப்புகளே மிச்சமிருந்தால் முடிக்கக் கூடாது. நின்ற இடத்தில் நிறுத்தி, நின்றது என்று சொல்லி வைக்கலாம். கிளேயின் தவறு, இந்த மூன்றாவது வழியை நம்பாததுதான். அவருடைய நேர்மை, அந்த முடிவை வேறொருவரின் தலையில் சுமத்தாமல் உயிரோடிருக்கும்போதே நிறைவேற்றிக்கொண்டது.

என் நண்பர் அதைச் செய்யவில்லை. கிழிக்கத் தெம்பு இருந்தபோது கிழிக்காமல், கிழிக்கச் சொல்லி என்னிடம் தந்தார். கொப்பியின் கடைசிப் பக்கத்தில் ஒரு வசனம் பாதியில் நிற்கிறது. அதை எப்படி முடித்திருப்பார் என்று எனக்குத் தெரியும் என்று சில இரவுகளில் தோன்றும். காலையில் அப்படித் தோன்றுவதில்லை.

இந்த இதழுக்கு அந்த நாவலின் ஒரு பகுதியைத் தருவதாக ஆசிரியருக்குச் சொல்லியிருந்தேன். அதற்குப் பதிலாக இந்தக் கட்டுரையைத் தருகிறேன்.